பால் பொங்குவதற்குள்

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து மல்யுத்தம் பார்க்க உட்கார்ந்தவளுக்கு இதுவும் வேண்டும். 2021 ஆகஸ்ட், டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிறுவனத்தின் பெரிய நிகழ்ச்சியான சம்மர்ஸ்லாம். அந்த ஏப்ரலில்தான் அவர்களின் இன்னொரு பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியாவில் சாஷா பேங்க்ஸை வீழ்த்திப் பட்டம் வென்றிருந்தார் பியாங்கா பெலேர். தன் நீளப் பின்னலைச் சாட்டையாகச் சுழற்றி, சாஷாவின் விலாவில் தடிப்பேற வைத்தவர்!

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தேன். எதிரே, குழந்தை பெறுவதற்காக விலகி, ஓராண்டுக்கு மேல் கழித்துத் திரும்பியிருந்த பெக்கி லிஞ்ச். கைகுலுக்குவதுபோல் கையை நீட்டினார். ஓர் அடி, தூக்கி ஒரு சாத்து, நடுவர் எண்ணி மூன்று; பியாங்காவின் பட்டம் பெக்கி கையில். 26 விநாடி. பால் ஆடைகூடக் கட்டவில்லை.

பெக்கி மேல் கோபமில்லை. இந்த ஆட்டங்களில் யார் வெல்வதென்று முன்கூட்டியே முடிவை எழுதிக் கொடுக்கும் புண்ணியவான்கள் மேல்தான். 2015 பிப்ரவரியிலும் நான்கு பெண்கள் மோதிய ஆட்டத்தை அரை நிமிடத்தில் முடித்தார்கள். ரசிகர்கள் ட்விட்டரில் கொதித்தார்கள். மறு ஆண்டு பெண்கள் பட்டத்துக்குக் கொடுத்துவந்த பட்டாம்பூச்சி வடிவ பெல்ட்டை (பட்டாம்பூச்சியாம்!) ஒழித்துவிட்டு, பெண்கள் புரட்சி என்று தாங்களே தம்பட்டமும் அடித்துக்கொண்டார்கள். ஆண்களுக்கோ மைக்கைப் பிடித்து வீரவசனம் பேசவே இருபது நிமிடம் கொடுக்கிறார்கள்.

நுழைவு இசைக்குப் பியாங்கா நடந்து வந்த நேரம்கூட அந்த ஆட்டம் நடக்கவில்லை.