ராஜாஜி 67 கூட்டணிக்காக இந்தி விஷயத்துல மாறல

ராஜாஜி 1967 தேர்தல்ல திமுக கூட்டணிக்காகத்தான் இந்தியை எதிர்க்க ஆரம்பிச்சார், சுத்த சந்தர்ப்பவாதம்னு எழுதியிருக்கீங்க, வருஷக் கணக்கே ஒத்து வரலங்க. 1958லயே, அதாவது தன்னோட சுதந்திரா கட்சியைத் தொடங்குறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, இந்தி பேசுறவங்களுக்கு இங்கிலீஷ் எவ்வளவு அன்னியமோ நமக்கு இந்தியும் அவ்வளவு அன்னியம்னு வெளிப்படையா பேசிட்டார். அப்போ எந்தக் கூட்டணி, எந்த சீட்டு?

1938ல சென்னை மாகாணத்தோட பிரதமரா (இப்போதைய முதல்வர் மாதிரி) இருந்தப்போ ஸ்கூல்ல இந்தியைக் கட்டாயமாக்கினது அவர்தான், அதுல சந்தேகமே இல்ல, எதிர்த்தவங்களைப் பிடிச்சு உள்ள போட்டாங்க, நடராசன், தாளமுத்துன்னு ரெண்டு பேர் காவல்ல இருக்கும்போதே 1939ல உயிரை விட்டாங்க. அதுக்கு அவரை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டுறேன். ஆனா 38ல செஞ்ச தப்பு வேற, அப்புறம் மனசு மாறினது வேற, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. யார் மாறினாலும் எப்ப மாறினார், அதனால அவருக்கு என்ன கிடைச்சுதுன்னு பார்த்துட்டு திட்டுங்க, இங்க 58ல அவருக்குப் பதவின்னு ஒண்ணும் கிடைக்கலயே.