நம் ஊரை நடந்து பார்ப்போம், நாலு பேரோடு

பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். வேலூர் என்பார், திருப்பத்தூர் என்பார், தர்மபுரி என்பார். பிறந்தது அல்சூரில், படித்தது அல்சூரில், பிள்ளைகளுக்குக் காது குத்தியதும் இங்கேதான். ஆனாலும் ஊர் என்றதும் மனம் ஜோலார்பேட்டையைத் தாண்டி ஓடிவிடுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அவருடைய ஊரையே இன்றுவரை எங்கள் ஊர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கே எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை.

இந்தப் பதில் எனக்கு வருத்தம் தருகிறது. பிழைக்க வந்தவர் என்று யாராவது நம்மைச் சொன்னால் கோபம் வருகிறது. ஆனால் நாமே அப்படித்தான் வாழ்கிறோம். வீடு, வேலை, மார்க்கெட், கோவில் என்ற நான்கு இடங்களுக்கு அப்பால் இந்த நகரம் நமக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நடப்பதைவிட நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதுவும் தனியாக வேண்டாம். நம் தெருவில் வளராத, நம் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத நண்பர்கள் இரண்டு பேராவது கூட இருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் சாமராஜப்பேட்டையில் வளர்ந்த கன்னட நண்பர் ஒருவர். சிவாஜிநகரில் பரம்பரையாகக் கடை வைத்திருக்கும் தக்கனி உருது பேசும் நண்பர் ஒருவர். தொம்ளூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர். அப்புறம் நான். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பி, வெயில் ஏறுமுன் ஏதாவது ஒரு கடையில் தட்டு இட்லியும், ஒன்றை இரண்டாகப் பிரித்துக் குடிக்கும் பை-டூ காபியுமாக முடிப்போம். வேறு வேறு வீடுகளில் கேட்டு வளர்ந்த கதைகள் ஒரே தெருமுனையில் வந்து சந்திக்கும்போதுதான் ஊர் திறக்கிறது.

பெங்களூர் நெடுங்காலம் இரண்டு ஊராக இருந்தது. 1537-ல் சிற்றரசர் கெம்பேகவுடர் மண்கோட்டை கட்டி உருவாக்கிய பேட்டை ஒன்று. 1809 வாக்கில் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படையைக் கொண்டுவந்து இறக்கிய, பெரியவர்கள் இன்றும் தண்டு என்று சொல்லும் கண்டோன்மென்ட் இன்னொன்று. பேட்டை மைசூர் மகாராஜாவுக்கு, தண்டு வெள்ளைக்காரனுக்கு. 1949-ல்தான் இரண்டையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். படையோடு வந்த சமையல்காரர், கொத்தனார், ஒப்பந்தக்காரர், துணி வெளுப்பவர் என்று தமிழர் பெரும்பாலும் குடியேறியது தண்டில். அல்சூரும் சிவாஜிநகரும் தமிழ் பேசுவதற்குக் காரணம் அதுதான். காகிதத்தில் ஒன்றாகி எழுபத்தைந்து ஆண்டுகள் தாண்டியும் அந்தக் கோடு நம் மனதில் அழியவில்லை. தண்டில் வளர்ந்தவர்களுக்கு அவென்யூ ரோடு என்றால் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகும் இடம். சிக்பேட்டை என்றால் பட்டுப்புடவை. அதோடு சரி.

அந்தக் கோட்டைக் காலால் கடக்கலாம். அல்சூர் சோமேசுவரர் கோவிலில் தொடங்கி, கமர்ஷியல் தெரு, சிவாஜிநகர், ரசல் மார்க்கெட், மரியன்னை பசிலிக்கா, பிறகு கப்பன் பூங்கா. பூங்காவின் ஓரத்தில் 1906-ல் வைத்த விக்டோரியா மகாராணி சிலை நிற்கிறது. பழைய எல்லை அந்த இடத்தில்தான். அதைத் தாண்டி உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்தை ஒட்டிப் போனால் பேட்டைக்குள் இறங்கிவிடலாம். பசிலிக்காவின் வாசலில் ஆரோக்கிய அன்னைக்கு மாலை வாங்கும் கூட்டத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கேட்கும். நான்கைந்து தெரு தள்ளி தண்டு மாரியம்மன். தண்டுக்குள் இருக்கும்வரை எங்களில் நானும் சிவாஜிநகர் நண்பரும் பேசுவோம், மற்றவர்கள் கேட்பார்கள். விக்டோரியா சிலையைத் தாண்டியதும் பேச்சு கன்னட நண்பரிடம் போய்விடும்.

பேட்டையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அக்கிப்பேட்டை அரிசிக்கு, பளேபேட்டை வளையலுக்கு, கும்பாரபேட்டை குயவருக்கு, காணிகரபேட்டை செக்கு ஆட்டியவர்களுக்கு. தொழில் மாறிய இடங்களில்கூடப் பெயர் நிற்கிறது. கப்பன்பேட்டைச் சந்துகளில் காது கொடுத்தால் சில வீடுகளுக்குள்ளிருந்து இன்னும் விசைத்தறிச் சத்தம் வருகிறது. ஆனால் நான் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போய் நிற்க விரும்பும் இடம் திகளர்பேட்டையில் உள்ள தர்மராயசாமி கோவில்.

பெங்களூர் கரகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சைத்ர மாதப் பௌர்ணமி இரவில், மஞ்சள் புடவை கட்டி வளையல் அணிந்த ஆண் ஒருவர், மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் வைத்து, கையால் தொடாமல் பேட்டை முழுவதும் சுற்றி வருவார். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். வருவது திரௌபதி. வழியில் காட்டன்பேட்டையில் உள்ள தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் போகும். இந்தத் திருவிழாவை நடத்தும் திகளர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழி. எங்கள் ஆற்காட்டுப் பக்கம் ஊருக்கு ஊர் தர்மராஜா கோவிலும் திரௌபதி அம்மன் தீமிதியும் உண்டு. பாட்டி சொன்ன அதே பஞ்சபாண்டவர் கோவில், அதே அம்மன், பேட்டையின் நடுவில் கன்னடப் பெயர்ப்பலகையோடு. என் கன்னட நண்பர் அதைத் தன் ஊரின் தலையாய திருவிழா என்கிறார். சிவாஜிநகர் நண்பர், கரகம் வராவிட்டால் தர்காவுக்கு என்ன நிறைவு என்கிறார். மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்கிறோம். இதை நான் வீட்டில் உட்கார்ந்து படித்திருந்தால் ஒரு தகவலாகப் போயிருக்கும். அந்த வாசலில் மூவரும் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டபோது, இந்த நகரத்தின் நடுவீட்டில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றியது.

தொம்ளூரில் சொக்கநாதர் கோவில் இருக்கிறது. பெயரைக் கேட்டால் சிவன் என்று நினைப்போம். உள்ளே இருப்பவர் பெருமாள். வெளியே மேம்பாலத்தில் கார்கள் இரைகின்றன. உள்ளே கல்லில் தமிழ் எழுத்து, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆசிரியை தோழி விரலை எழுத்தின் மேல் படாமல் காற்றிலேயே நகர்த்தி ஒவ்வொன்றாகப் படிக்கப் பார்ப்பார். ஒன்றிரண்டு எழுத்து உடனே பிடிபடும். சில எழுத்தின் வால் வேறு பக்கம் திரும்பியிருக்கும். புள்ளியே கிடையாது, மெய்யா உயிர்மெய்யா என்று சொல்லை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பள்ளங்களில் பழைய சுண்ணாம்பு அடைந்திருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மட்டும் வரிகள் தெளிவாக எழும்பி வரும். அப்படி ஒரு சொல் முழுதாகக் கைக்கு வந்தபோது அவர் தன் வகுப்புப் பிள்ளைகளைப் போலக் கை தட்டினார்.

மடிவாளா சோமேசுவரர் கோவிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வெங்களூர் (பெங்களூர்தான்) பெரிய ஏரியின் கீழ் இருந்த நிலத்தைக் கோவிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. கெம்பேகவுடருக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முந்தியது. அதற்கும் முன்னால், கி.பி. 890 வாக்கில், பேகூரில் உள்ள கன்னட நடுகல் பெங்களூர்ப் போரைக் குறிப்பிடுகிறது. இதைப் படித்ததும், யார் முதலில் வந்தது என்ற சண்டைக்குக் கல்வெட்டைக் கையில் எடுப்பவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. அவர்களிடம் எனக்குக் கடுமையான மனக்கசப்பு இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் நடந்த கலவரத்தில் இந்த ஊரில் தமிழர்கள் பட்டதை எங்கள் தெரு மறக்கவில்லை. அதே ஆண்டில் அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் வள்ளுவரின் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் நடந்து போனவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் சொல்கிறேன், பேகூர்க் கல்லின் முன் கன்னட நண்பர் நமக்குப் படித்துக் காட்ட வேண்டும். மடிவாளாக் கல்லின் முன் நாம் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். இந்தக் கற்களுக்கு இதைவிட நல்ல பயன் வேறு இல்லை.

காவிரி என்றதும் நினைவுக்கு வருகிறது. நடந்தால்தான் மேடு பள்ளம் தெரியும். பெங்களூர் ஒரு மேட்டு முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே விழும் மழைநீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும். கிழக்கே விழுவது பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போய், ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று கடலூர் வரை செல்லும். நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து காவிரியை ஏற்றி வந்து குடிக்கிறோம். குளித்துக் கழுவியதில் ஒரு பகுதியைத் தென்பெண்ணையில் விடுகிறோம். கெலவரப்பள்ளியில் நுரை பொங்கும் படத்தைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு ஐயோ என்று சொல்கிறவர்கள், தங்கள் தெருவின் கால்வாய் எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும். நம் உறவினர் வயலுக்குப் பாயும் தண்ணீர் அது.

ஏன் குழுவாக நடக்க வேண்டும் என்கிறேன்? நிற்பதற்காக. தனி ஆள் ஒரு பழைய வீட்டின் வாசல் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றால் சந்தேகப்படுவார்கள். தனியாக ஒரு பெண் நின்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் இத்தனை வருடம் வாழ்ந்தும் ஒரு சந்தில் நிம்மதியாக நின்று மேலே பார்த்தது இப்போதுதான் என்று ஆசிரியை தோழி சொன்னார். நாலு பேராக நின்றால் வீட்டுக்காரரே வெளியே வந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்பார். பதில் சொன்னதும் தூண் எந்த ஊர் மரம், மேல்தளம் எப்போது இடிந்தது என்று தானே சொல்லத் தொடங்கிவிடுவார். பணம் கட்டிப் போகும் வழிகாட்டி நடைகளை நான் குறை சொல்லவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அவை நல்லவை. உள்ளூர்க்காரருக்கு மேலும் தேவைப்படுவது பக்கத்துப் பேட்டையில் ஒரு சிநேகிதம்.

நடைபாதையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சர்ச் தெருவிலும் ரெசிடென்சி சாலையிலும் அகலமான நடைபாதை போட்டிருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் நடந்தே பிழைப்பு நடத்தும் மக்கள் இருப்பது அல்சூர் பஜாரிலும் காட்டன்பேட்டையிலும். அங்கே உடைந்த கற்பலகை, மின்பெட்டி, சுருட்டிப் போட்ட கேபிள், ஏறி வரும் இருசக்கர வண்டி. கீரைக் கூடையோடு நடக்கும் அம்மா தெருவின் நடுவில்தான் நடக்கிறார். நடைபாதையில் பாதுகாப்பாக நடப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. வாரம் ஒருமுறை ஆசைக்கு நடக்கும் நாங்கள், தினமும் நடந்தே தீர வேண்டியவர்களுக்காக வார்டு அலுவலகத்தில் மனு கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். எந்தப் பலகை எங்கே உடைந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். காலில் இடித்துக்கொண்டு தெரிந்துகொண்டது.

அடுத்தபடியாக அல்சூர் ஏரியின் உபரிநீர் வெளியேறும் இடத்திலிருந்து, மழைநீர் போகும் பெரிய கால்வாயான ராஜகால்வாயைப் பிடித்துக்கொண்டே பெள்ளந்தூர் வரை நடக்கப் போகிறோம். பல இடங்களில் கால்வாய் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். சுற்றிப் போக வேண்டியிருக்கும். நாற்றமும் இருக்கும். வர விரும்புகிறவர்கள் இங்கேயே எழுதுங்கள். நல்ல ஷூ, தொப்பி, குடிக்கத் தண்ணீர். வரும்போது கன்னடமோ தெலுங்கோ உருதுவோ பேசும் நண்பர் ஒருவரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். அந்த வழியில் பழைய ஆள் யாராவது பழக்கமாக இருந்தால் அவரையும் கேட்டு வையுங்கள். கால்வாய் ஓடையாக இருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அங்கே வசிக்கிறார்கள்.