முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்

இசை நாடகத்துக்குப் பெரிய மேடைதான் சரி, சின்ன அரங்கில் எடுபடாது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

சிங்கப்பூர் எஸ்பிளனேடில் ஏறக்குறைய 2,000 பேர் உட்காரும் அரங்கிலும் இசை நாடகம் பார்த்திருக்கிறேன். பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சில வருடங்களுக்கு முன் பிராஸ் பசா பக்கம் ஒரு குட்டி அரங்கில் அக்காவுடன், கொலைகார நாவிதர் ஒருவரின் கதையான 'ஸ்வீனி டாட்' இசை நாடகம் பார்த்தேனே, அதை இன்னும் மறக்க முடியவில்லை. சவர நாற்காலி எங்களுக்கு மூன்றடி தூரத்தில். நாவிதர் பழிவாங்கக் காத்திருக்கும் நீதிபதி அதில் சாய்ந்திருக்கிறார், கழுத்தருகே நாவிதரின் கத்தி. இருவரும் பெண்களின் அழகைப் பற்றி அவ்வளவு இனிமையாகச் சேர்ந்து பாடுகிறார்கள்! மைக் கிடையாது. பாடும் முன் நீதிபதி மூச்சை இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. சோப்பு நுரை தாடையிலிருந்து மெல்ல வழிந்து காலரில் இறங்கியது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தவர், பூகிஸில் ரயில் ஏறும்வரை விடவில்லை.

1979இல் நியூயார்க்கின் பிராட்வேயில் இந்த நாடகத்துக்கு இரும்பாலை போலப் பிரமாண்டமான செட் போட்டார்கள், உண்மைதான். ஆனால் 2014இல் லண்டன் டூட்டிங்கில், கதையில் வருவது போலவே இறைச்சிப் பை பலகாரம் விற்கும் ஒரு பழைய கடைக்குள்ளேயே இதை நடத்தினார்கள். 30 சொச்சம் பேர்தான் உட்கார முடியும். அப்புறம் அது நியூயார்க் வரை போனது.

நம் தமிழ் நாடகக் குழுக்களும் இப்படி ஒரு பயமுறுத்தும் இசை நாடகத்தைச் சின்ன அரங்கில் போட்டால் முதல் டிக்கெட் நான்தான் வாங்குவேன். அக்கா வருவாரா என்று கேட்க வேண்டும்.