கான்பராவின் முயல் காது

கான்பராவில் பாதுகாப்புத் துறை அலுவலகங்கள் இருக்கும் ரஸ்ஸல் பகுதியில் ஒரு தூண் நிற்கிறது. 70 மீட்டருக்கு மேல் உயரம், உச்சியில் சிறகைத் தூக்கிய கழுகு. தள்ளி நின்று பார்த்தால் அந்தச் சிறகுகள் காது மாதிரித் தெரியும், சத்தியமாக முயல்தான்! ஊர்க்காரர்களே அதை 'பக்ஸ் பன்னி' (கார்ட்டூன் முயல்) என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பசிபிக் போரில் அமெரிக்கா செய்த உதவிக்கு நன்றியாக, ஆஸ்திரேலிய மக்கள் நன்கொடை போட்டு எழுப்பிய சின்னம் இது. அந்த நன்றி பொய்யில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் கையிலிருந்த சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. நான்கே நாளில் ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள டார்வின் நகர் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. துறைமுகத்தில் நின்ற 'பியரி' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கியதில் மட்டும் 80 மாலுமிகளுக்கு மேல் செத்தார்கள். பிரிட்டனை நம்பிப் பயனில்லை, இனி அமெரிக்காதான் என்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் கர்ட்டின் 1941 டிசம்பரிலேயே ஏறக்குறைய வெளிப்படையாக எழுதிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், 1954-இல் இந்தத் தூணைத் திறந்து வைத்தவர் பிரிட்டனின் எலிசபெத் ராணி. அப்போது ஆஸ்திரேலியாவுக்கும் அவர்தான் ராணி, சரி. இருந்தாலும் அந்த மேடையில் நிற்க அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்காதா?

எனக்குக் குறையாகப் படுவது வேறு. 1942 நவம்பர் 26, அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாள். அன்றைக்குத்தான் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத் தெருக்களில் இந்த நண்பர்கள், அமெரிக்கச் சிப்பாய்களும் ஆஸ்திரேலியர்களும், அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்; இரண்டு ராத்திரி நடந்தது. அமெரிக்கச் சிப்பாய்க்குச் சம்பளம் அதிகம், அவர்கள் கேன்டீனில் சிகரெட்டும் மலிவு, ஊர்ப் பெண்களும் அவர்கள் பக்கம். உள்ளூர்ப் பையன்களுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? அமெரிக்க ராணுவப் போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கி வெடித்து ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாய் இறந்தே போனார். தணிக்கை போட்டுச் செய்தியை அமுக்கினார்கள்.

நினைவுச்சின்னம் என்றால் நல்லதைத்தான் சொல்லும் என்பீர்கள். ஆனால் இது வெறும் பழைய கடனுக்கான நன்றியும் இல்லையே. 1951-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா மூன்றுக்கும் இடையே ஆன்சஸ் என்ற பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது, மூன்று வருடத்தில் தூண் திறப்பு. அடுத்த முறையும் வந்துவிடுங்கள் என்று சொல்லாமல் சொல்வது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. அதில் தப்பில்லை, சின்ன நாடு அப்படித்தான் யோசிக்கும்.

பிரிஸ்பேன் சண்டைக்கு அப்புறமும் இரு நாட்டுப் பையன்களும் நியூகினிக் காட்டில் ஜப்பானியர்களை எதிர்த்துச் சேர்ந்துதானே போரிட்டார்கள்? நட்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அலுமினியத் தகடு போர்த்திய அவ்வளவு பெரிய தூணில் பிரிஸ்பேனுக்கும் இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.