பத்துப் பேர் கம்பெனிக்கு ஃப்ரெஷர் எடுக்கிறவர்களுக்கு

கோவையிலோ சென்னையிலோ பத்துப் பதினைந்து பேரை வைத்து சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர்கள், ஆள் எடுக்கும்போது மட்டும் திடீரென்று பெரிய கம்பெனி ஆகிவிடுகிறார்கள். 60 சதவீதம், அரியர் கூடாது, ஆப்டிட்யூட் டெஸ்ட், போர்டில் லிங்க்டு லிஸ்ட் (பாடப்புத்தக புரோகிராம்) எழுதச் சொல்வது. ஆயிரக்கணக்கில் குவியும் விண்ணப்பங்களைக் கழிக்க பெரிய கம்பெனிகளுக்கு அந்தச் சல்லடை வேண்டும். நாற்பது பேர் விண்ணப்பித்த இடத்தில் எதற்கு?

கோளாறான புராஜெக்ட் ஒன்றைக் கையில் கொடுங்கள். 400 வரிக்குள் சின்ன பைத்தான் ஆர்டர் செயலி, உள்ளே மூன்று பக் (பிழை). முதலாவது, என்விரான்மென்ட் வேரியபிள் (செயலிக்கு வெளியே வைக்கிற அமைப்பு மதிப்பு) ஒன்று விட்டுப்போனதால் செயலி ஓடவே ஓடாது. டிரேஸ்பேக்கின், அதாவது செயலி நின்றதும் திரையில் வரும் பிழைச் செய்தியின், கடைசி வரியிலேயே காரணம் இருக்கும். அங்கே கண் போகிறதா, மேலேயே நின்று திணறுகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது, பக்கம் பிரிக்கிற இடத்தில்: ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஆர்டர் காணாமல் போகும். மூன்றாவதுதான் ருசியானது. நேரம் யுடிசி-யில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) சேமிக்கப்பட்டிருக்கும், தினசரி அறிக்கை அந்தத் தேதியை அப்படியே எடுத்துக் கூட்டும். நள்ளிரவு முதல் காலை 5:30 வரை வந்த ஆர்டர்கள் முந்தைய நாள் கணக்கில் விழும். விடை வராவிட்டாலும் பரவாயில்லை. எந்தெந்த ஆர்டர் தப்பாக விழுகிறது என்று நேரவாரியாக அடுக்கிப் பார்க்கத் தோன்றினாலே அவர் நமக்கு வேண்டிய ஆள்.

மொத்தம் 90 நிமிடம். கூகுள், சாட்ஜிபிடி எதற்கும் தடை வேண்டாம். கடைசி 20 நிமிடம், மாற்றிய வரிகளை அவரே விளக்கட்டும். கூடவே புதிதாக ஒரு தேவையைச் சொல்லி எங்கே கை வைப்பீர்கள் என்று கேளுங்கள். புரியாமல் காப்பியடித்து ஒட்டியவர் அங்கே திணறி நின்றுவிடுவார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மூன்று நாள் அசைன்மென்ட் வேண்டாம். கையில் வேறு ஆஃபர் இருக்கிற நல்ல ஆள்தான் முதலில் கழன்றுகொள்வார். (க்ளையன்ட் வேலையையே அசைன்மென்ட் என்று இலவசமாக வாங்குகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.)

சம்பளத்தைக் கைக்கு வருகிற கணக்கில் சொல்லுங்கள். வருடம் 3 லட்சம் சிடிசி (ஓர் ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்றால் பையன் மாதம் 25,000 என்று வீட்டில் சொல்லிவிடுவான். அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 15,000 என்றால் பிஎஃப் கம்பெனி பங்கு 1,800, அவன் பங்கு 1,800, மீதி 21,400. தொழில் வரி தனி. முதல் மாதமே ஏமாந்த நினைப்போடு உட்காருகிறவனிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்?

பாண்டுக்கும் வருவோம், அதாவது இத்தனை காலம் வேலை பார்ப்பேன், இடையில் விட்டால் பணம் கட்டுவேன் என்று எழுதி வாங்குவது. குறைந்தபட்சப் பணிக்காலத்துக்கான 2 லட்ச ரூபாய் பாண்ட் செல்லும் என்று ஒரு வங்கி வழக்கில் 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் வேலையை விட்ட பிறகு போட்டி கம்பெனியில் சேரக் கூடாது என்று எழுதுவது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பூட்டி வைப்பது அநியாயம், அவ்வளவுதான்.

சேர்ந்த முதல் வாரம் ரீட்மீயை (புராஜெக்டோடு இருக்கும் வழிகாட்டிக் குறிப்பு) பார்த்து அவரே புராஜெக்டை ஓடவைக்கட்டும், எங்கே தடுக்கியதோ அதைத் திருத்தி எழுதுவதுதான் முதல் கமிட் (பதிவு செய்யும் மாற்றம்). புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் (நிஜப் பயன்பாட்டில் இருப்பது) அவருக்குப் படிக்க மட்டும் அனுமதி. ஒரு புல் ரிக்வெஸ்ட் (மற்றவர் பார்த்துச் சேர்க்க அனுப்பும் மாற்றம்) 200 வரியைத் தாண்ட வேண்டாம், அதற்கு மேல் போனால் யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை. அரை மணி நேரம் முட்டிப் பார்த்தும் வரவில்லையென்றால் கேட்டுவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பயந்துகொண்டு இரண்டு நாள் சும்மா இருப்பார்கள். இதற்கெல்லாம் சீனியர் ஒருவருடைய நேரம் தினமும் ஒரு மணியாவது போகும். அவர் டெலிவரியில் மூழ்கிக் கிடக்கிறார் என்றால் விளம்பரத்தை அடுத்த மாதம் போடுங்கள்.