நாடகப் பட்டம் இல்லாமலும் என்.எஸ்.டி.க்கு (தேசிய நாடகப் பள்ளி) விண்ணப்பிக்கலாம்

"நாடகத்தில் பட்டம் வாங்கினால்தான் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் இடம்; பி.காம். சேர்ந்தால் நடிப்பை மறந்துவிடு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இதை நம்பிக் கலங்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

அங்குள்ள 3 ஆண்டு டிப்ளமோவுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், அது உண்மை. ஆனால் எந்தப் பாடமானாலும் சரி. முக்கியமாகக் கேட்பது மேடை அனுபவத்தை. அதனால் கல்லூரி நாடகக் குழுவில் இப்போதே சேருங்கள். நடித்த ஒவ்வொரு நாடகத்தின் அழைப்பிதழையும் சான்றிதழையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். முதல்கட்டத் தேர்வில் தயாரித்துப்போன நாடகப் பகுதியை நடித்துக் காட்ட வேண்டும். தேறினால் தில்லியில் சில நாள் பயிலரங்கு. சேர்ந்த பிறகும் முதல் ஆண்டு எல்லாருக்கும் பொதுப் பாடம்தான். நடிப்பா, இயக்கமா என்பதெல்லாம் அப்புறம்.