நல்லா ஞாபகம் இருக்கு என்கிறோமே, அது

கொஞ்ச காலமாகப் பெயர்கள் நழுவுகின்றன. தெரிந்த முகம்தான், பெயர் மட்டும் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறது. அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மறந்தது உடனே தெரிந்துவிடுகிறது, யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். நல்லா ஞாபகம் இருக்கு என்று சத்தியம் செய்கிறோமே, அதைத்தான் இப்போது நம்ப முடிவதில்லை.

பழைய நாவல்களை மறுபடி எடுத்ததால் வந்த வினை இது. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' படித்தவர்களிடம் ரஸ்கோல்னிகாவ் யாரைக் கொன்றான் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். அடகு பிடிக்கும் கிழவியை என்று சட்டென்று பதில் வரும். கூடவே அவன் கொன்ற அவள் தங்கை லிஸவேதா பலருக்கு நினைவில் இருப்பதில்லை. எதிர்பாராமல் வீட்டுக்குள் வந்துவிட்டாள், அவ்வளவுதான் அவள் செய்தது. அவன் கோடரியை ஓங்கும்போது முகத்தை மறைக்கக்கூடத் தோன்றாமல், அவனைத் தள்ளி நிறுத்துவதுபோல இடது கையை மெல்ல நீட்டுகிறாள். இப்படி ஒரு காட்சி எப்படி மறந்துபோகும்?

கிழவியைக் கொல்ல அவனிடம் ஒரு தத்துவம் இருந்தது. நாமும் அந்தத் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டோம். லிஸவேதா அதில் எங்கும் பொருந்துவதில்லை, அதனால் நம் நினைவிலிருந்து விழுந்துவிட்டாள். இதில் வேடிக்கை, தஸ்தயேவ்ஸ்கிக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. பின்னால் ஓரிடத்தில் ரஸ்கோல்னிகாவே யோசிக்கிறான்: நான் ஏன் அவளை நினைப்பதே இல்லை, அவளைக் கொல்லவே இல்லை என்பதுபோல? 1866-லேயே நம் மறதியையும் சேர்த்து எழுதிவைத்துவிட்டார் மனுஷன்.

ஆங்கிலேய உளவியலாளர் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதுபோன்ற ஒரு சோதனை வருகிறது. அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, நாள்கள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். புரியாத இடங்கள் உதிர்ந்தன, மிச்சம் அவரவருக்குப் பழகிய மாதிரி மாறிப்போனது. சொன்னவர்களோ சரியாகத்தான் சொல்கிறோம் என்று நினைத்தார்கள்.

தல்ஸ்தோயின் 'அன்னா கரேனினா'வும் அப்படித்தான். அன்னா ரயில் முன் விழுவதோடு கதை முடிந்தது என்றே பலருக்கும் நினைவு. சினிமாக்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அது ஏழாம் பாகத்தின் முடிவு. அப்புறம் முழுசாக ஒரு எட்டாம் பாகம் இருக்கிறது. அதில் லெவின், ஆசைப்பட்டவளையே கட்டிக்கொண்டு குழந்தையும் பெற்றவன், எங்கே தூக்குப் போட்டுக்கொண்டுவிடுவோமோ என்று பயந்து கயிற்றை ஒளித்துவைக்கிறான். இதை விட்டுவிட்டு அந்த நாவலைக் கள்ளக்காதல் கதை என்று இரண்டு வார்த்தையில் முடிப்பவர்களோடு நான் இனி வாதம் செய்வதாக இல்லை. எட்டாம் பாகத்தை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.